ஒரு பானைச் சோறும் ஒரு நகரமும்: சமூக ஆய்வில் கூறெடுப்பு

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் சமையலறையில் பிறந்த புள்ளியியல். கூறெடுப்பைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் இந்தப் பழமொழியில்தான் தொடங்குவார்கள். நானும் அதற்கு விலக்கல்லன். ஆனால் பழமொழியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு சோறு எப்படிப் பதமாகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சமைக்கிறவர் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிய பிறகுதான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார். கிளறாமல் மேலாக எடுத்தால் அடியில் குழைந்துபோனது தெரியாது. அதோடு, பானையில் இருப்பது ஒரே அரிசி. பழைய அரிசியையும் புது அரிசியையும் கலந்து உலையில் போட்டிருந்தால் ஒரு பருக்கை எதையும் சொல்லாது. இன்னொன்றும் உண்டு. நாலு பேருக்கு வடிக்கும் பானைக்கும் கல்யாண வீட்டு அண்டாவுக்கும் சோதனை ஒன்றுதான். அண்டா பெரிசு என்பதற்காக எந்தச் சமையற்காரரும் ஒரு படி சோற்றை எடுத்து நசுக்குவதில்லை. இந்த மூன்று சேதியும் மனசில் பதிந்துவிட்டால் கூறெடுப்பில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

பெங்களூரில் முதுகலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆய்வு முறையியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி எது என்று சொல்ல முடியும். "சார், எத்தனை பேரைக் கேட்கணும்?" தலைப்பு முடிவாகியிருக்காது, யாரைப் பற்றிய ஆய்வு என்பதே தெளிவாகியிருக்காது, எண்ணிக்கை மட்டும் உடனே வேண்டும். சிலர் வரும்போதே 384 என்ற எண்ணோடு வருவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முந்தைய ஆண்டு மாணவரின் ஆய்வேட்டில் இருந்தது என்பார்கள். அந்த எண்ணுக்கு ஒரு நியாயமான பிறப்பு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கேட்கவேண்டியது 'யாரைப் பற்றி அறியப் போகிறோம்' என்பது. அடுத்தது 'அவர்களில் சிலரை எப்படிப் பொறுக்கப் போகிறோம்'. 'எத்தனை பேர்' என்பது மூன்றாவதாகத்தான் வரும்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு நெருக்கமான ஒரு கேள்வியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வீடுகளில், 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ்ச் செய்தித்தாளின் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிப்பார்கள்? தமிழ் வகுப்புகளை எங்கே நடத்துவது, எந்தப் பாடநூலை அச்சடிப்பது, பள்ளிகளில் தமிழ்ப் பிரிவு கேட்டு யாரிடம் மனுக் கொடுப்பது எல்லாமே இதற்கான பதிலைப் பொறுத்தவை. பதில் யாருக்கும் தெரியாது என்பதல்ல. ஆளுக்கொரு பதில் தெரியும் என்பதுதான் சிக்கல். 'எங்க தெருவுல எல்லாப் புள்ளைங்களும் நல்லாப் படிக்குது' என்பார் ஒருவர். 'யாருக்குமே தெரியாதுங்க' என்பார் இன்னொருவர். இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

உத்திரமேரூர்க் குடம்

'கிளறுதல்' என்று சொன்னேனே, அதைத்தான் புள்ளியியலில் சமவாய்ப்பு என்கிறோம். கையில் அகப்பட்டவரைக் கேட்பது சமவாய்ப்பு ஆகாது. கமர்சியல் தெரு முனையில் நின்று வருகிற போகிறவரை நிறுத்திக் கேட்டுவிட்டு 'சமவாய்ப்பு முறையில் 200 பேர்' என்று எழுதும் ஆய்வேடுகள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் தெரிவாவதற்கான வாய்ப்பு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். தெரிவு செய்பவரின் விருப்பு வெறுப்பு அதில் தலையிடக்கூடாது. இதுதான் இலக்கணம்.

இந்த இலக்கணத்தை நம்மவர்கள் பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் இட்டார்கள். சபை கூடியிருக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஒரு கட்டை எடுக்கச் செய்து, அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அவனையே ஓர் ஓலை எடுக்கச் செய்தார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்கவேண்டும். கைக்குள் வேறோர் ஓலையை ஒளித்து மாற்றிவிடக் கூடாதே! பிறகு அவன் வாசிக்க, மற்றவர்களும் வாசித்துச் சரிபார்த்தார்கள்.

இதைக் குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கூறெடுப்புக் கண்ணால் பார்த்தால் இது அடுக்குமுறைச் சமவாய்ப்புத் தெரிவு. ஒவ்வொரு குடும்பும் ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒருவர் கட்டாயம் வருவார். ஊர் முழுவதையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்கியிருந்தால் ஒரே குடும்பிலிருந்து நாலு பேர் வந்து இன்னொரு குடும்பு விடுபட்டிருக்கலாம்.

கல்வெட்டின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். யார் பெயரை ஓலையில் எழுதலாம்? வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, குறிப்பிட்ட வயது, வேதக் கல்வி என்று நிபந்தனைகள் நீளுகின்றன. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், ஓலை எழுதப்படாதவர் பெயர் குடத்திலிருந்து வரவே வராது. இன்றைய ஆய்வுகள் சறுக்குவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்; குலுக்கலில் அல்ல, ஓலைக் கட்டில்.

பட்டியல் எங்கே?

அந்த ஓலைக் கட்டுக்கு இன்றைய பெயர் கூறெடுப்புச் சட்டகம். சுருக்கமாகச் சொன்னால் பட்டியல். பெங்களூர்த் தமிழ் வீடுகளின் முழுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. தமிழ் அமைப்புகளின் உறுப்பினர் பட்டியல் உண்டு. அதிலிருந்து என்னதான் அறிவியல் முறைப்படி குலுக்கினாலும், ஏற்கெனவே தமிழில் ஆர்வமுள்ள வீடுகள்தான் வரும். 'நூற்றுக்கு எண்பது பிள்ளைகள் வாசிக்கிறார்கள்' என்று முடிவு வந்தால், அது உறுப்பினர் வீடுகளைப் பற்றிய உண்மையாக இருக்கலாம். நகரத்தைப் பற்றிய உண்மை அல்ல.

இந்தப் பிழைக்கு உலகப் புகழ்பெற்ற சான்று 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் 57 சதவீதம் பெற்று வெல்வார் என்று அறிவித்தார்கள். வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் ஏறத்தாழ 61 சதவீத வாக்குடன். தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் போன்ற பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததும், சீட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அக்கறை கொண்டவர்கள் ஒரு சார்பினராக இருந்ததும் காரணங்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் அதைவிடப் பன்மடங்கு சிறிய கூறை வைத்துக்கொண்டு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். இன்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவத்தை அனுப்பி, 'மூவாயிரம் பேர் பதில் சொல்லிட்டாங்க சார்' என்று பெருமைப்படுகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

சரி, உறுப்பினர் பட்டியல் வேண்டாம். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்ளலாமே? டெல்லியில் உள்ள வளர்ச்சிசார் சமுதாய ஆய்வு மையத்தின் லோக்நீதி அமைப்பு தேர்தல் ஆய்வுகளில் அப்படித்தான் செய்கிறது: முதலில் தொகுதிகள், பிறகு வாக்குச்சாவடிகள், பிறகு சாவடிப் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்கள். இந்தியாவில் இதைவிட நல்ல பொதுப் பட்டியல் கிடைப்பது அரிது. ஆனால் பெங்களூர் வாடகை வீட்டு நகரம். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் வேறு பேட்டைக்குப் போயிருப்பார். கட்டட வேலைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவரின் வாக்கு இன்னும் சொந்த ஊரில் இருக்கும். பெயரைப் பார்த்துத் தாய்மொழியைச் சொல்லவும் முடியாது; ஒரு மஞ்சுளாவோ ஒரு ஜோசப்போ எந்த மொழி வீட்டிலும் இருக்கலாம்.

ஆகவே மிஞ்சுவது, சில தெருக்களைத் தெரிந்தெடுத்து அங்கே நாமே வீடு வீடாகப் பட்டியல் எடுப்பது. இதிலும் நுணுக்கம் உண்டு. கன்னடத்தில் 'வட்டாரா' என்று சொல்லும் ஒண்டுக்குடித்தன வளாகத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கதவு. உள்ளே ஆறு குடும்பம் இருக்கும். கதவுகளை எண்ணுகிறவர் ஐந்து குடும்பங்களை விட்டுவிடுவார். அடுக்குமாடிக் குடியிருப்பில் நேர்மாறான தொல்லை: நூறு வீட்டுக்கும் கணக்கு சரியாக இருக்கும், காவலாளி உள்ளேதான் விடமாட்டார்.

ஆள் இருந்தும் அகப்படாதது இன்னொரு வகை. கோலார் தங்க வயல் 2001இல் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஏராளமானோர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். பகல் பதினொரு மணிக்கு அங்கே சர்வே எடுக்கப் போகிறவர் யாரைப் பார்ப்பார்? ஓய்வு பெற்றவர்களையும் வயதானவர்களையும்தான். அவர்களை வைத்து 'தங்க வயலில் வேலையற்றோர் இவ்வளவு' என்று எழுதினால் என்ன ஆகும்! பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைக் கேட்பது என்பது களப்பணியாளர்களின் நெடுநாள் வழக்கம். அது கூடவே கூடாது. மறுபடி, மாலையில், ஞாயிற்றுக்கிழமையில் என்று மூன்று முறையாவது போய்ப் பார்க்கவேண்டும்.

பொறுக்கும் விதங்கள்

பாடப்புத்தகங்கள் ஏழெட்டு முறைகளைச் சொல்லும். எளிய சமவாய்ப்பு முறைக்கு முழுப் பட்டியல் வேண்டும், நம்மிடம் இல்லை. வரிசைப் பட்டியலில் ஒவ்வோர் இருபதாவது பெயரையும் எடுப்பது முறைசார் கூறெடுப்பு. முதல் பெயரைக் குலுக்கி எடுத்துவிட்டால் மற்றவை தாமே வரும். களத்தில் மிக வசதியானது. ஒரு தளத்துக்கு நாலு வீடு என்று கட்டிய குடியிருப்பில் ஒவ்வொரு நாலாவது வீட்டையும் எடுத்தால் மட்டும், எல்லாத் தளத்திலும் ஒரே மூலை வீடாக வந்து நிற்கும்.

நம் கேள்விக்கு உயிர்நாடியானது அடுக்குமுறை. பெங்களூர்த் தமிழர் ஒரே அரிசி அல்லர். அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜி நகர் போன்ற தண்டுப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் ஒரு வகை. ஸ்ரீராமபுரம், பின்னி மில் சுற்றுவட்டாரம் எனத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேரூன்றியவர்கள் ஒரு வகை. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகளுக்கு வேலைக்கு வந்து தங்கியவர்கள் இன்னொரு வகை. 1990களுக்குப் பின் கணினித் துறைக்காக ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் குடியேறியவர்கள் தனி. இவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் தமிழ் வாசிப்பு ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை. ஆகவே ஒவ்வொன்றையும் தனி அடுக்காக வைத்து, அதனதற்குள் குலுக்கவேண்டும்.

இந்த நகரத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1994இல் சாமுவேல் பால் தலைமையில் பெங்களூரின் குடிமைச் சேவைகளுக்கு மக்கள் மதிப்பெண் போட்ட 'ரிப்போர்ட் கார்டு' ஆய்வு வெளிவந்தது. பள்ளிக்கூட மார்க் அட்டை மாதிரி அரசு அலுவலகங்களுக்கு மார்க்! அதை நடத்தியவர்கள் பொதுக் குடும்பங்களையும் குடிசைப் பகுதிக் குடும்பங்களையும் தனித்தனிக் கூறுகளாக எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்திருந்தால் குடிசைவாசிகளின் குரல் சராசரிக்குள் கரைந்துபோயிருக்கும். பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் சேவையில் திருப்தி என்றவர்கள் பொதுக் குடும்பங்களில் நூற்றுக்கு ஒருவர்தான் என்ற முடிவு அப்போது பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. 1999, 2003 ஆகிய ஆண்டுகளிலும் இதே ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களைக் கேட்டு ஒரு மாநகர நிர்வாகத்தையே பதில் சொல்ல வைக்க முடிந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

கொத்துமுறை என்பது செலவைக் குறைக்க வந்தது. நகரமெங்கும் சிதறிக்கிடக்கும் 700 வீடுகளுக்கு ஆட்டோவில் அலைய முடியாது. எழுபது இடங்களைத் தெரிந்தெடுத்து இடத்துக்குப் பத்து வீடு என்று போகலாம். பிரதம் அமைப்பு முன்னின்று 2005இல் தொடங்கிய 'அசர்' கல்வி ஆய்வு இப்படித்தான் நடக்கிறது: மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. கிராமத்தை நாலு பாகமாக்கி, ஒவ்வொரு பாகத்திலும் ஒவ்வோர் ஐந்தாவது வீடாகப் போகிறார்கள். 'உன் பிள்ளை படிப்பானா' என்று பெற்றோரைக் கேட்காமல், பிள்ளையிடமே தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள் என்பது அதன் தனிச்சிறப்பு. நம் தமிழ் வாசிப்புக் கேள்விக்கு அப்படியே கடன் வாங்கலாம். அசர் பெரும்பாலும் கிராமப்புறத்துக்கானது என்பதால் பெங்களூர்த் தெருக்களைப் பற்றி அதிலிருந்து நமக்கு விடை கிடைக்காது. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பங்கீட்டு முறை, பனிப்பந்து முறை இரண்டையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆண் ஐம்பது, பெண் ஐம்பது என்று பங்கு பிரித்துக்கொண்டு கிடைத்தவரைக் கேட்பது முந்தையது. சந்தை ஆய்வுகளில் மிகுதி. வீட்டு வேலை செய்யும் பெண்கள் போலப் பட்டியலே இல்லாதவர்களிடம் ஒருவர் மூலம் அடுத்தவரை அறிவது பிந்தையது. தேவைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அதன்மேல் பிழை வரம்பு கணக்கிட்டுப் போடக்கூடாது.

384 பிறந்த கதை

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு கூறிலிருந்து கிடைக்கும் சதவீதம் உண்மைச் சதவீதத்திலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும். எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்வோம் என்று முதலில் சொல்லவேண்டும். அது பிழை வரம்பு. நூறு முறை இதேபோல் கூறெடுத்தால் எத்தனை முறை அந்த வரம்புக்குள் விழவேண்டும் என்பது நம்பக அளவு. வழக்கமாக 95 முறை. அதற்குரிய எண் 1.96. கணக்கு இதுதான்: 1.96ஐ வர்க்கம் செய்யுங்கள், 3.8416. எதிர்பார்க்கும் விகிதத்தையும் அதன் மிச்சத்தையும் பெருக்குங்கள். எதுவும் தெரியாவிட்டால் பாதிக்குப் பாதி, அதாவது 0.25. இரண்டையும் பெருக்கி, பிழை வரம்பின் வர்க்கத்தால் வகுங்கள். வரம்பு 5 சதவீதம் என்றால் 0.0025. விடை 384.16. மாணவர்கள் கொண்டுவரும் 384 இதுதான். முறைப்படி மேல்நோக்கி முழுமையாக்கினால் 385.

இந்தச் சூத்திரத்தில் நகரத்தின் மக்கள்தொகை எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. அண்டா விஷயம் இதுதான். பத்து லட்சம் பேருக்கும் 384, ஒரு கோடிப் பேருக்கும் 384. தொகுதி மிகச் சிறிதாக இருந்தால் மட்டும் திருத்தம் உண்டு: பத்தாயிரம் பேருக்கு 370, ஆயிரம் பேருக்கு 278. 'மக்கள்தொகையில் பத்து சதவீதம் எடுக்கவேண்டும்' என்று ஒரு விதி கல்லூரிகளில் உலவுகிறது. ஐம்பது பேர் உள்ள அலுவலகத்தில் பத்து சதவீதம் ஐந்து பேர். பெங்களூரில் பத்து சதவீதம் பத்து லட்சத்தை நெருங்கும். இரண்டுமே அபத்தம்.

பிழை வரம்பைக் குறைப்பது எளிதல்ல. 5 சதவீதத்தை 3 ஆக்க 1,068 பேர் வேண்டும். 2 ஆக்க 2,401. 1 ஆக்க 9,604. துல்லியம் இரட்டிப்பாக வேண்டுமானால் ஆள் நாலு மடங்கு. பணம் கொடுப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மாணவர்கள் தவறவிடுவது இதற்குப் பிறகு வருபவை. 384 என்பது எளிய சமவாய்ப்பு முறைக்கான எண். கொத்தாகப் போனால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒன்றுபோலிருக்கும். பத்து வீட்டைக் கேட்டாலும் பத்துப் புதுச் சேதி கிடைக்காது. இடத்துக்குப் பத்து வீடு, வீடுகளுக்குள் ஒற்றுமை 0.05 என்று வைத்துக்கொண்டால், ஒன்பதை 0.05ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டவேண்டும்: 1.45. இதைப் புள்ளியியலார் வடிவமைப்பு விளைவு என்பார்கள். 385ஐ இதனால் பெருக்கினால் 558 ஆகிறது. இடத்துக்கு இருபது வீடு என்றால் 1.95, ஆகவே 751. ஐந்தில் ஒருவர் பதில் சொல்ல மறுப்பார் என்று வைத்தால் 558 என்பது 698 ஆக வளரும். எழுபது இடம், இடத்துக்குப் பத்து வீடு என்று முன்னால் சொன்னேனே, அந்த 700 இப்படி வந்ததுதான்.

இன்னும் முடியவில்லை. இந்த 700ம் தமிழ் வீடுகளாக இருக்கவேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். அப்படியானால் 700 தமிழ் வீடுகளுக்கு ஏறக்குறைய 4,700 கதவுகளைத் தட்டவேண்டும். 8 முதல் 16 வயதுப் பிள்ளை உள்ள வீடு என்றால் இன்னும் கூடும். அல்சூர்ப் பக்கம் இரண்டாவது கதவிலேயே தமிழ் கேட்கும். ஜெயநகரில் கொஞ்சம் நடக்கவேண்டியிருக்கும். தமிழர் செறிந்த வட்டாரங்களில் கூடுதலாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் எடுத்து, பின்னால் எடையிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். அதற்காகச் செறிவில்லாத இடங்களை அடியோடு விட்டுவிட்டால், எந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதோ அவர்களையே விட்டுவிட்டதாகும்.

நாலு அடுக்குக்கும் தனித்தனி விடை வேண்டுமென்றால் அடுக்குக்குக் கிடைப்பது 700இல் கால்வாசிதான். அதில் பிழை வரம்பு இரண்டு மடங்காகிவிடும். ரிப்போர்ட் கார்டு போன்ற ஆய்வுகளிலும் இதே கதைதான். ஆயிரம் பேரைக் கேட்டாலும், குறிப்பிட்ட அலுவலகத்துக்கு நேரில் போய் வந்தவர்கள்தான் அதைப் பற்றிச் சொல்ல முடியும்; அவர்கள் அதில் ஒரு பகுதியே. மொத்த எண்ணைப் பெரிதாக அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே நாற்பது பேரின் கருத்தைச் சதவீதமாகப் போடும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பதினைந்து சதவீதக் கோடு

கூறின் அளவு வெறும் ஏட்டுப் பிரச்சினையல்ல என்பதற்கு நம்மோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்கிறேன். மொழிச் சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் பாதுகாப்பு ஏற்பாடுகளில், ஒரு வட்டாரத்தில் குறிப்பிட்ட மொழியினர் 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் முக்கிய விதிகளையும் அறிவிப்புகளையும் அம்மொழியிலும் வெளியிடவேண்டும் என்று ஒன்று உண்டு. தொடக்கப்பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வேறு அளவுகோல்: வகுப்புக்கு 10 பிள்ளைகள் அல்லது பள்ளிக்கு 40. நடைமுறையில் இவை எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகின்றன என்பது வேறு விவாதம். கோடு என்று ஒன்று இருக்கும்போது, நாம் அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்பதை ஒரு கூறாய்வால் சொல்ல முடியுமா?

385 பேர் ஆய்வில் 15 சதவீதம் வந்தால், உண்மை ஏறத்தாழ பதினொன்றரையிலிருந்து பதினெட்டரை வரை எங்கும் இருக்கலாம். அரைச் சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் மேற்சொன்ன கணக்கின்படி 19,593 பேர் வேண்டும். கொத்துமுறையில் வடிவமைப்பு விளைவு 2 என்றால் 39,000க்கும் மேல். இதற்குத்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வட்டாரம் வட்டாரமாகக் கோட்டைப் பார்க்கவேண்டிய இடத்தில் கூறெடுப்பு கைகொடுக்காது. 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அதற்கான ஆதார நாள் 2027 மார்ச் 1 என்று 2025இல் அறிவித்தார்கள். எண்ணுகிறவர் வரும்போது வீட்டில் பேசும் தாய்மொழியைத் தெளிவாகச் சொல்லி, அவர் அதை எழுதுவதையும் பார்த்துக்கொள்வது நம் வேலை.

முழுக் கணக்கெடுப்பு எப்போதும் சிறந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1940களில் வங்காளத்துச் சணல் விளைச்சலை இரண்டு விதமாகக் கணக்கிட்டார்கள். அரசு அலுவலர்கள் வயல் வயலாக முழுக் கணக்கெடுத்துச் சொன்னது ஏறத்தாழ 63 லட்சம் பேல். பி.சி. மகலனோபிஸ் தலைமையிலான இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கூறெடுத்துச் சொன்னது 75 லட்சத்துச் சொச்சம். பிறகு சுங்கம், வாணிபக் கணக்குகள் வந்தபோது அவை கூறெடுப்புக் கணக்கை ஒட்டியே இருந்தன. கூறெடுப்புக்கு ஆன செலவோ முழுக் கணக்கெடுப்பின் செலவில் சிறு பங்கு. ஆயிரக்கணக்கான தற்காலிகப் பணியாளரைப் பயிற்சியின்றி வயலுக்கு அனுப்புவதைவிட, சில நூறு பேரை நன்றாகப் பயிற்றி அனுப்பியது பலன் தந்தது. 1950இல் தொடங்கிய தேசியக் கூறாய்வு இந்த அனுபவத்தின் மேல் எழுந்ததுதான்.

மகலனோபிஸ் செய்த ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். கூறை இரண்டாகப் பிரித்து, இரண்டும் ஒரே பகுதியைத் தழுவும்படி அமைத்து, இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்புவது. இரண்டு விடையும் நெருங்கி வந்தால் நிம்மதி. எட்டிப்போனால், வயலில் அல்ல, களப்பணியாளரிடம் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். சிறு அமைப்புகளும் காசு செலவில்லாமல் இதைச் செய்யலாம்.

ஒரே ஊர், பன்னிரண்டு பேர்

எல்லா ஆய்வுக்கும் 384 வேண்டுமா என்றால் வேண்டாம். பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்றத்துக்கான ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய எம்.என். சீனிவாஸ், 1948இல் மைசூர் அருகே ஒரே ஒரு கிராமத்தில் தங்கிக் களப்பணி செய்தார். 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் அவருடைய பதப்படுத்திய குறிப்புகள் எரிந்துபோக, பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் எழுதிய அந்தக் கிராமத்தைப் பற்றிய நூல் 1976இல் வெளிவந்தது. கூறின் அளவு ஒன்று! ஆனால் ஆதிக்கச் சாதி எப்படிச் செயல்படுகிறது என்பதை இந்தியச் சமூகவியல் கற்றுக்கொண்ட களங்களில் அது முக்கியமானது. 'எத்தனை' என்ற கேள்விக்கு அந்தக் கிராமத்தால் பதில் சொல்ல முடியாது. 'எப்படி' என்பதற்கு முடியும்.

நேர்காணல் ஆய்வுகளில் புதிய சேதி வருவது நின்றுபோகும் கட்டத்தை நிறைவுநிலை என்பர். கானா, நைஜீரியா நாட்டுப் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் கட்டுரை, முதல் பன்னிரண்டிலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாகக் காட்டியது. அவர்கள் கேட்டது ஏறக்குறைய ஒரே வகையினரை, ஒரே வினாக்களை. இப்போது 'பன்னிரண்டு போதும்' என்பது அடுத்த 384 ஆகிவிட்டது. ஒயிட்ஃபீல்டு அம்மா ஒருவர், ஸ்ரீராமபுரம் அம்மா ஒருவர், காக்ஸ் டவுன் தாத்தா ஒருவர் என்று கலந்துகட்டிப் பன்னிரண்டு பேரைக் கேட்டால் நிறைவுநிலை வராது. அடுக்குக்குப் பன்னிரண்டு வேண்டியிருக்கும்.

நம் வாசிப்புக் கேள்வியை யாராவது கையிலெடுத்தால் என் யோசனை இது. எழுபது இடம் கட்டுப்படியாகாவிட்டால் முப்பது இடம் போதும். இடத்துக்குப் பத்துத் தமிழ் வீடு. இரண்டு குழு, ஆளுக்குப் பாதி. அந்த வயதில் இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் யாரை வாசிக்கச் சொல்வது என்பதை, அடுத்த பிறந்தநாள் யாருக்கு முதலில் வருகிறதோ அவர் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அம்மாக்கள் நன்றாகப் படிக்கிற பிள்ளையைத்தான் முன்னால் தள்ளுவார்கள். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை. பெங்களூரில் இதற்கு டிசம்பர் விடுமுறையும் தசரா விடுமுறையும் ஆகாது, பாதி வீடு ஊருக்குப் போயிருக்கும். ஜூலை, ஆகஸ்டு ஞாயிற்றுக்கிழமைகளே தோது. பிழை வரம்பு ஏழு சதவீதம்போல வரும். அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, எத்தனை கதவு தட்டினோம், எத்தனை திறந்தன, எத்தனை மறுத்தன என்பதோடு சேர்த்து அச்சிடவேண்டும்.